மனை புகுந்த நீலி

அச்சத்துக்கு எதிராக மனிதன் கட்டிய முதல் அரண் மனை. வெயிலையும் மழையையும் தடுப்பதற்கு மாத்திரம் அவன் சுவர் எழுப்பினான் அல்லன். இருளையும், இருளில் உலவுவனவாகத் தான் கருதியவற்றையும் புறத்தே நிறுத்துவதற்காகவும் எழுப்பினான். ஆதலின், காட்டிலே பேய் நிற்பது வியப்பன்று. சுடுகாட்டிலே அது கூத்தாடுவதும் புதுமையன்று. விளக்கெரியும் வீட்டினுள்ளே, உறவின் பெயரைச் சொல்லிக்கொண்டு, அது வந்து அமர்வதே பேரச்சம்.

இவ்வச்சத்தை எடுத்துரைக்கும் தமிழ்க் கதைகளுள் பழமையானதும், ஓர் ஊரின் வரலாற்றோடு பிரிக்க முடியாதவாறு பிணைந்ததும் பழையனூர் நீலியின் கதை. ‘நீலிக் கண்ணீர்’ என்னும் தொடரை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தமிழ்நாட்டிலும் மக்கள் இன்றும் வழங்குகின்றனர். அத்தொடருக்குப் பின்னே ஓர் ஊரும், ஒரு வழக்கும், பூட்டிய ஒரு வீடும், எழுபது உயிர்களும் உள்ளன என்பதை எண்ணுவோர் சிலரே. அக்கதையின் முற்பாதியை நாம் மறந்து பிற்பாதியை மாத்திரம் பழமொழியாக்கிக் கொண்டோம் என்பது எமது கருத்து. அதனை ஈண்டு ஆராய்வோம்.

வாயிலுக்கு வெளியே நின்ற பேய்

பேயைப் பற்றிய எண்ணம் தமிழிலக்கியத்துக்குப் புதியதன்று. தொல்காப்பியனார் புறத்திணையியலிலே, காஞ்சித்திணைத் துறைகளுள் ஒன்றாகத் தொடாக்காஞ்சி என்பதைக் கூறுவர். போரிலே புண்பட்டுக் கிடக்கும் கணவனைத் தீண்ட வரும் பேயை, அவன் மனைவி அணுகவிடாது காத்தல் அத்துறையின் பொருள். புறநானூற்றின் 281ஆம் பாட்டிலே அரிசில்கிழார் இக்காட்சியை விளக்கமாகக் காட்டுகின்றார். மனையின் இறப்பிலே இரவ மரத்தின் தழையும் வேப்பிலையும் செருகப்படுகின்றன. ஐயவி என்னும் வெண்சிறுகடுகு சிதறப்படுகின்றது. யாழும் பிற இயங்களும் ஒலிக்கின்றன, மணி அடிக்கப்படுகின்றது, காஞ்சிப்பண் பாடப்படுகின்றது, மணப்புகை வீடெங்கும் கமழ்கின்றது. மனைவி தன் தோழியை அழைத்து, புண்பட்டுக் கிடக்கும் தலைவனைக் காப்போம் வா என்கின்றாள்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு அணித்தான இவ்வழக்கின் சுவடு நம்மிடையே அழிந்துவிடவில்லை. அம்மை கண்ட வீட்டின் வாயிலிலே வேப்பிலை செருகுவதை நாம் கண்டிருக்கின்றோம். பிள்ளை பிறந்த அறையிலே இரும்புத் துண்டு ஒன்றை வைக்கும் பாட்டிமாரையும் அறிவோம்.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. சங்கப் பாட்டிலே பேய் புறத்தே நிற்கின்றது. மனைவி அகத்தே நின்று காக்கின்றாள். வீட்டுக்கு வரும் கேட்டைத் தடுக்கும் அரண் அவளே. பழையனூர்க் கதையிலோ இம்முறை தலைகீழாகின்றது. பேயே மனைவியாக வருகின்றது. வேப்பிலையும் கடுகும் அதனைத் தடுக்க வல்லன அல்ல. ஏனெனில், ஊர்ப் பெரியோரே கதவைத் திறந்து அதனை உள்ளே அனுப்புகின்றனர்.

கதையின் உடல்

பழையனூர், தொண்டைநாட்டிலே திருவாலங்காட்டை அடுத்துள்ள ஊர். இன்று தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில், அரக்கோணத்துக்கு அண்மையில் உள்ளது. கதை சொல்வோர் பெயர்களையும் சிற்சில நிகழ்ச்சிகளையும் பலவாறு கூறினும் கதையின் உடல் ஒன்றே.

காஞ்சி நகரத்தான் ஒருவன் வடநாடு சென்றான். ஊரிலே தனக்கு மனைவி இருப்பதை மறைத்து, அங்கே ஒரு பெண்ணை மணந்தான். அவளை அழைத்துக்கொண்டு மீண்டு வருங்கால், வீடு நெருங்க நெருங்க, மறைத்த உண்மை வெளிப்படுமே என்னும் அச்சம் அவனைப் பற்றிக்கொண்டது. திருவாலங்காட்டை அடுத்த தனியிடத்திலே, தன்னை நம்பி வந்தவளை அவன் கொன்றான்.

அடுத்த பிறவியிலே அவன் காஞ்சியில் வணிகனாகப் பிறந்தான். கொல்லப்பட்டவள் நீலி என்னும் பேயானாள். இவனுக்குப் பேயினால் உயிர்க்கேடு உண்டு எனச் சோதிடர் கூறவே, மந்திரம் ஏற்றிய வாள் ஒன்று அவன் கையில் எப்போதும் இருந்தது. வாணிகத்தின் பொருட்டு அவன் ஒரு நாள் பழையனூருக்கு வந்தான். நீலி அவனைக் கண்டாள். கள்ளிக் கொம்பு ஒன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பிலே ஏந்திக்கொண்டு, அவனைத் தொடர்ந்து ஊருக்குள் வந்தாள்.

ஊர் மன்றிலே வேளாளப் பெரியோர் எழுபதின்மர் கூடியிருந்தனர். நீலி அவர்கள் முன்னே அழுது நின்று, “இவர் என் கணவர், என்னையும் பிள்ளையையும் கைவிட்டு ஓடுகின்றார், சேர்த்து வையுங்கள்” என்றாள். வணிகனோ, “இவள் பெண் அல்லள், பேய், என் உயிர் குடிக்க வந்தவள்” என்று நடுங்கினான். குழந்தையை இறக்கிவிட்டார்கள். அது நேரே வணிகனிடம் சென்று, “அப்பா” என்று அவன் மடியில் ஏறியது. பெரியோர் ஐயம் தீர்ந்தனர். இஃது இல்லறத்துப் பிணக்கே என முடிவு செய்து, அன்றிரவு இருவரையும் ஒரு வீட்டிலே தங்குமாறு பணித்தனர்.

வணிகன் மறுத்தான். “உமது உயிருக்குத் தீங்கு நேர்ந்தால் நாங்கள் எழுபதின்மரும் எங்கள் உயிரைத் தருவோம்” என்று பெரியோர் பிணை நின்றனர். நீலியோ, “அவர் கையில் வாள் இருக்கின்றதே, நான் எவ்வாறு அச்சமின்றி அவருடன் இருப்பேன்?” என்றாள். நியாயமென்று கருதிய பெரியோர் வாளையும் வாங்கிக்கொண்டனர். கதவு மூடப்பட்டது.

பொழுது விடிந்தது. கதவைத் திறந்தவர்கள் வணிகனைப் பிளந்த உடலாகக் கண்டனர். பெண்ணையும் காணவில்லை; பிள்ளையையும் காணவில்லை. எழுபதின்மரும் தாம் சொன்ன சொல்லின்படி தீ மூட்டி அதனுள் புகுந்தனர்.

மனையின் அடையாளங்கள்

இக்கதை கேட்போரை நடுங்கச் செய்வது நீலியின் கோரத்தினால் அன்று. அவள் கோரத்தை யாரும் கண்டிலர். அது மூடிய கதவுக்குப் பின்னே நிகழ்ந்தது. நடுங்கச் செய்வது அவள் கையாண்ட சான்றுகள். கணவன் என்னும் சொல், பிள்ளையின் ‘அப்பா’ என்னும் அழைப்பு, மனைவியின் கண்ணீர் ஆகிய மூன்றுமே ஒரு வீட்டை வீடாக்கும் அடையாளங்கள். அவையே அங்கே கொலைக் கருவிகளாயின.

ஆயினும், இவ்வழியை நீலி தானாகக் கண்டுபிடித்தாள் அல்லள். கதையின் முற்பாதியை நினைவு கூர்வோம். கணவன் என்னும் பெயரைச் சொல்லி ஒருத்தியை அவள் பிறந்தகத்திலிருந்து அழைத்து வந்து, துணையற்ற இடத்திலே கொன்றவன் அவன். மனைவி என்னும் பெயரைச் சொல்லி, துணையற்ற அறைக்குள் அவனைக் கொண்டு சென்று கொன்றாள் அவள். அவன் செய்ததற்கு மேலாக அவள் ஒன்றும் செய்திலள்.

பெரியோரின் தீர்ப்பையும் ஆராய்தல் வேண்டும். அவர்கள் சோம்பியிருந்து தீர்ப்புக் கூறியவர் அல்லர். இருபக்கமும் கேட்டனர், பிள்ளையைக் கொண்டு சோதித்தனர், ஒருவன் அஞ்சுகின்றான் என்றதும் பிணை நின்றனர், மற்றவள் அஞ்சுகின்றாள் என்றதும் வாளை அகற்றினர். இன்றைய நீதிமன்றத்திலும் இவ்வளவு கேட்கப்படுமோ என ஐயுறலாம். அவர்கள் கேளாதது ஒன்றே: இம்மனிதன் இத்துணை அஞ்சுவதற்குக் காரணம் யாது? அதனைக் கேட்டிருந்தாலும் அவனால் விடை கூறியிருக்க இயலாது. முற்பிறவிக் கொலையை அவன் அறியான். அச்சத்தை மாத்திரம் அறிவான். செய்தவன் மறந்த குற்றத்தைச் செய்யப்பட்டவள் மறவாதிருத்தலே இக்கதையில் வரும் பேய்மை.

மூவர் நினைவில் மூன்று

இக்கதை வெறும் பாட்டிக்கதையாக நில்லாமல் பெருநூல்களிலும் இடம்பெற்றது. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தின் முதற்பாட்டிலேயே, வஞ்சகத்தால் உயிர் கொண்ட ஒருத்தியின் செய்தியையும், அதனைக் கேட்டு அஞ்சும் பழையனூரையும் குறிப்பிடுகின்றார். ஆகவே, அவர் காலத்திலேயே இக்கதை ஊரறிந்த பழங்கதையாக இருந்தது என்பது தெளிவு. சம்பந்தர் நினைவில் நின்றது ஊரின் அச்சம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெருமான் திருக்குறிப்புத்தொண்ட நாயனார் புராணத்தில் தொண்டைநாட்டின் பெருமைகளை விரித்துரைக்கும்போது பழையனூரையும் கூறுகின்றார். அங்கே பேயைப் பற்றிய வருணனை இல்லை. வணிகன் ஒருவன் பொருட்டுத் தம் உயிரையும் ஈந்து வாய்மை காத்தவர் வாழ்ந்த நாடு என்பதே அவர் கூறும் சிறப்பு. தொண்டைநாட்டுக் குன்றத்தூரிலே பிறந்த அப்புலவர் நினைவில் நின்றது பெரியோரின் சொல்.

சமணர் நினைவு வேறு. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசியிலே, நீலி சினங்கொண்ட பேயாக முனிச்சந்திரர் என்னும் சமண முனிவரை அச்சுறுத்த வருகின்றாள். முதலில் கோர உருவங்களால் வெருட்டுகின்றாள். பின்னர் அழகிய பெண்ணாக வந்து மயக்க முயல்கின்றாள். முனிவர் அசையாதிருக்கவே, அவரிடம் அறம் கேட்டுத் திருந்துகின்றாள். அதன்பின் அவள் கையிலே ஏந்துவது தருக்கம். பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதிகள், பூதவாதிகள் எனப் பல சமயத்தாரோடு வாதிட்டு வெல்கின்றாள். 1936ஆம் ஆண்டு பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் இந்நூலைச் சமய திவாகர வாமன முனிவரின் உரையுடன் பதிப்பித்தபின் தமிழ்கூறு நல்லுலகம் அதனை நன்கு அறிந்தது. சமயவாதத்துக்காகவே இயற்றப்பட்ட நூலாயினும், நீலி மாறக்கூடியவள், கற்கக்கூடியவள், பிறரோடு நேர் நின்று பேசக்கூடியவள் என்று கருதிய ஒரே நூல் அதுவேயாம்.

ஊர் வைத்திருக்கும் சான்றுகள்

ஊரும் தன் நினைவைக் கைவிடவில்லை. எழுபதின்மர் தீப்புகுந்த இடம் எனத் திருவாலங்காட்டுக்கும் பழையனூருக்கும் இடையே ஓர் இடத்தைக் காட்டி, அங்கே நினைவு மண்டபம் அமைத்துள்ளனர். அதன் அருகே இறைவன் சாட்சிபூதேசுவரர் என்னும் பெயருடன் எழுந்தருளியுள்ளார். ‘சாட்சி’ என்னும் அப்பெயரே கதையை மக்கள் ஒரு வழக்காகவே நினைத்தனர் என்பதைக் காட்டும்.

பழையனூரின் பெயர் செப்பேட்டிலும் பொறிக்கப்பட்டுள்ளது. முதலாம் இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டிலே, அவ்வூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு உரிமையாக்கிய சாசனம் 31 ஏடுகளைக் கொண்டது. 1905ஆம் ஆண்டு அது வெளிப்பட்டது. சோழர் குலவரலாற்றை அறிவதற்கு வரலாற்றாசிரியர் பெரிதும் துணைக்கொள்ளும் திருவாலங்காட்டுச் செப்பேடு இதுவே.

சோழர் காலத்திலே இவ்வாறு ஓர் ஊரைத் தானம் செய்யுங்கால், பெண்யானையை நடத்தி எல்லை வகுத்து, அவ்வெல்லையிலே கல்லும் கள்ளியும் நடுவது வழக்கம். கள்ளி எல்லைக்கு உரியது; இஃது எமது நிலம், அஃது உமது நிலம் என்று பிரித்து நிற்பது. நீலி அக்கள்ளியையே ஒடித்துப் பிள்ளையாக்கினாள் என்று கதை கூறுகின்றது. புறத்தே நிற்க வேண்டியது அகத்தே புகுந்தது என்பதை இதனினும் நன்றாகக் கூறுதல் அரிது. கதை கட்டியோர் கள்ளியை எண்ணித் தேர்ந்தனரோ, கைக்கு எட்டிய செடியைக் கூறினரோ, எவ்வாறாயினும் அவ்வூரார்க்கு அதன் பொருள் விளங்கியிருக்கும்.

அதே ஆலங்காட்டில் இன்னொருத்தி

பழையனூர் நீலியை நினைக்கும்போது, அதே ஆலங்காட்டிலே பேயுருவோடு விளங்கிய மற்றொருவரை நினையாதிருக்க இயலாது. காரைக்காலம்மையார் வரலாற்றிலும் வீட்டினுள் ஓர் அச்சம் நுழைகின்றது. பரமதத்தன் உண்ட மாங்கனி கடையிலே கிடைப்பதன்று. மனைவியின் கையிலே இறையருளால் வந்தது. அதனைக் கண்டவுடன் அவன் மனைவியை மானிடப் பெண் அல்லள் என அஞ்சினான். வீட்டை விட்டு நீங்கிக் கடல் கடந்து வாணிகம் செய்து, பாண்டிநாட்டிலே வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என முதல் மனைவியின் பெயரையே இட்டான். சுற்றத்தார் அம்மையாரை அவனிடம் அழைத்துச் சென்றபோது குடும்பத்தோடு அவர் அடியிலே வீழ்ந்தான். கணவனுக்காகத் தாங்கிய உடலை அம்மையார் உதறினார். பேயுருவை வேண்டிப் பெற்றார். ஆலங்காட்டிலே இறைவன் ஆடும் கூத்தைப் பாடினார்.

அம்மையார் தலையால் நடந்த தலத்திலே கால் வைக்க அஞ்சி, சம்பந்தர் ஆலங்காட்டுக்குள் புகாது அயலிலே தங்கினார் என்றும், இறைவன் கனவிலே தோன்றித் தம்மைப் பாட மறந்தனையோ என வினவினார் என்றும் பெரியபுராணம் கூறும். நாம் முன்னர்க் கூறிய பதிகம் பிறந்தது அப்போது. ஒரு பேயை வணங்கிய பதிகத்துச் சூழலிலே மற்றொரு பேயின் கதை நுழைந்தமை கருதத்தக்கது.

நம் நாட்டுக்கும் இதனோடு தொடர்பு உண்டு. பொலன்னறுவைச் சிவாலயத்திலே கிடைத்த வெண்கலத் திருவுருவங்களுள் காரைக்காலம்மையாரின் உருவமும் ஒன்று. என்பு தோன்றும் மெலிந்த உடலோடு, தாளம் ஏந்தி அமர்ந்திருக்கும் அவ்வுருவைக் கொழும்பு நூதனசாலையிலே கண்டோர், பேய் என்னும் சொல்லுக்கு அச்சம் ஒன்றே பொருளன்று என்பதை உணர்வர். 1852ஆம் ஆண்டு ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்ட பின்னர், நம் கோயில்களிலே புராணபடனம் கேட்டு வளர்ந்த மக்களுக்கு அம்மையார் வரலாறு மேலும் அணித்தாயிற்று.

இருவர் கணவரும் மனைவிக்கு அஞ்சினர். ஒருவன் அவளிடத்து இருந்த நன்மைக்கு அஞ்சினான், விலகினான், பின் வணங்கினான். மற்றவன் தான் செய்த தீமைக்கு அஞ்சினான். தப்ப வழியில்லாது மாண்டான். அஞ்சுவதற்கு எது காரணமோ அதுவே முடிவையும் வகுத்தது.

கண்ணீர் யாருடையது?

சில ஆண்டுகளுக்கு முன்னர், மரபுத்தொடர்ப் பாடத்திலே ‘நீலிக் கண்ணீர்’ என்பதற்குப் பொய்யழுகை எனப் பொருள் கூறி, கதையையும் சொல்லி முடித்தோம். பின் வாங்கிலிருந்த ஒரு மாணவி எழுந்து, “ஐயா, முதற் பிறவியில் அவளைக் கொல்லும்போதும் அவள் அழுதிருப்பாள்தானே? அந்தக் கண்ணீருக்கு என்ன பெயர்?” என்று வினவினாள். வகுப்பு அமைதியாயிற்று. அகராதியிலே அதற்குச் சொல் இல்லை.

இவ்வினாவிலே கதையின் உயிர் இருக்கின்றது. ஒரு பெண்ணின் பொய்க் கண்ணீருக்குத் தமிழிலே பெயர் உண்டு; அப்பொய்க்குக் காரணமான மெய்க் கண்ணீருக்குப் பெயர் இல்லை. கணவன் செய்த வஞ்சகம் பழமொழியாகவில்லை. மனைவி செய்த வஞ்சகம் பழமொழியாயிற்று. இதன் விளைவு சொல்லோடு நிற்பதன்று. வீட்டிலே துன்புற்று, ஊர்ப் பெரியவரிடமோ பொலிசாரிடமோ வந்து அழும் பெண்ணைப் பார்த்து, “நீலிக் கண்ணீர் வடிக்கிறாள்” என்று கூறி அனுப்பிவிடுதல் எளிதாயிற்று. பழையனூர்ப் பெரியோர் நம்பத் தகாத கண்ணீரை நம்பினர் என்பதைக் கேட்டுக் கேட்டு, நம்பத்தக்க கண்ணீரையும் நம்பாதிருக்கப் பழகிவிட்டோம். இக்கதை அதற்கெனச் சொல்லப்பட்டதன்று. கொன்று புதைத்த அநீதி மீண்டும் எழுந்து வீட்டுக்குள் வரும் என்பதற்கே சொல்லப்பட்டது.

சிலப்பதிகாரத்திலும் ஒரு பெண் கண்ணீரோடு மன்றுக்கு வருகின்றாள். சிலம்பு உடைந்ததும் தன் தவற்றை உணர்ந்து உயிர் நீத்த பாண்டியனை நாம் போற்றுகின்றோம். கண்ணகியின் கண்ணீருக்குக் காப்பியம் கிடைத்தது. ஆலங்காட்டருகே கொல்லப்பட்டவளுக்கு மன்றும் இல்லை, மன்னனும் இல்லை. அவளது வழக்கை எவரும் கேளாமையினாலே அவள் பேயாகி வந்தாள். வந்தபோது மெய்யைச் சொல்ல வழியின்றிப் பொய்யைச் சொன்னாள். ஒன்றும் அறியாத எழுபதின்மரும் அப்பொய்யினால் மாண்டனர். அவர்கள் உயிர் கொடுத்துக் காத்த வாய்மை போற்றத்தக்கதே. அப்பலி நேர்ந்ததற்கு மூலகாரணம் காஞ்சியான் ஒருவன் தன் வீட்டிலே மறைத்த ஒரு பொய் என்பதும் மறக்கத்தக்கதன்று.

ஆசிரிய அன்பர்கள் ‘நீலிக் கண்ணீர்’ என்னும் தொடரைக் கற்பிக்குங்கால் கதையைக் காஞ்சியிலிருந்து தொடங்குவார்களாக. எழுபதின்மருக்கு அவ்வூரிலே மண்டபம் இருக்கின்றது. வணிகன் பெயரைக் கதை சொல்வோர் சொல்கின்றனர். மனைவி என நம்பி வந்து வழியிலே மாண்டவளுக்கு இருப்பது மாணவர் கேட்கும் அந்த முற்பாதிக் கதை மாத்திரமே.